இருப்புப் பதிவேடு

லாரி வந்தது அதிகாலை மூன்றேகாலுக்கு.
கன்னடியன் கால்வாய்ப் பாலத்தில் திருப்ப முடியாமல்
பின்பக்கமாகவே வந்து சேர்ந்தது,
வண்டலூரிலிருந்து அத்தனை தூரமும்
அப்படியே வந்ததுபோல.
மைதீன் பிச்சை இறங்கி முதலில் டீ கேட்டார்.
அப்புறம்தான் கையெழுத்து.
'நரி, ஆண் ஒன்று, பெண் ஒன்று' என்றது தாள்.
கூண்டுக்குள் நாலு கண்கள்;
எது எந்த இரண்டு என்று
டார்ச்சுக்குத் தெரியவில்லை.
வரவு: 2 என்று எழுதினேன்.

எங்களுடையது சின்ன விலங்குச்சாலை.
சேர்மாதேவிப் பிள்ளைகள் பத்து ரூபாய்க்கு
முழுதும் பார்த்து முடித்து
அரை மணியில் முறுக்கு வாங்க வாசலுக்கு வந்துவிடும்.
புள்ளிமான் முப்பத்தொன்று, முதலை ஐந்து.
பண்ணை நொடித்தபோது கோர்ட் கொண்டுவந்து விட்ட
ஈமு ஒன்று;
அதன் வயதுக் கட்டத்தில் இன்னும்
'வழக்கு நிலுவை' என்றே இருக்கிறது.
மயிலை எழுதுவதில்லை.
அது மதில் தாண்டி வரும், தீவனம் தின்னும்,
மதில் தாண்டிப் போகும்.

ஐப்பசியில் முள்ளம்பன்றி ஈன்றது.
செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை இரண்டு,
புதன்கிழமை மூன்று.
ஒரு குட்டி விடுபட்டது எவ்வாறு என்று
மண்டல அலுவலகம் விளக்கம் கேட்டது,
மூன்று நாள் அவகாசம் தந்து.
"எழுதுங்க மேடம்" என்றார் பூலுடையார்.
"தாய்க்கு முள்ளு இருந்துச்சு,
நமக்குக் கைதான இருந்துச்சுன்னு."
நான் எழுதியது:
'மழை காரணமாக வெளிச்சம் போதாமை.'
ஏற்றுக்கொண்டார்கள்.

நரிகள் வந்து ஒன்பது நாள் சத்தமில்லை.
கோழிக்கழுத்தை மூலைக்கு இழுத்துப்போய்
முதுகைக் காட்டித் தின்றன.
பத்தாம் நாள், கரண்ட் போன ராத்திரி,
பெட்டை ஒரே ஒரு தடவை ஊளையிட்டது,
சாவி சேருமா என்று பார்ப்பதுபோல.
கால்வாய்க்கு அந்தப் பக்கம்
வாழைத்தோட்டத்திலிருந்து பதில் வந்தது.
ஒன்றல்ல. நாலோ ஐந்தோ.
பூலுடையார் தூக்குச்சட்டியை மூடினார்.
"சொந்தக்காரவ விசாரிக்காவ,
எந்த ஊருன்னு கேக்காவ."
சிமெண்டுத் தரையில் பிறந்த அதற்கு
எங்கள் தோட்டத்துப் பேச்சு புரிந்ததோ என்னவோ,
அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

மாசியில் குட்டி நான்கு.
டாக்டர் ஜெசிந்தா மண்ணில் குப்புறப் படுத்து
பொந்துக்குள் போன் வெளிச்சம் விட்டு எண்ணினார்,
காதெல்லாம் களிமண்.
"நாலு. எழுதிக்கோ. எல்லாம் அசையுது."
அதுவரை பிறப்புப் பத்தி முழுக்க
மான்களே நிரம்பியிருந்தன.
இந்த நான்கைக் கொஞ்சம் பெரிதாக எழுதிவிட்டேன்.

மறுவருடம் ஆணை வந்தது.
பார்வை ஒன்று, பார்வை இரண்டு,
குட்டிகள் இரண்டுக்கு மாறுதல்,
ஈடாகக் கடமான் ஒன்று பின்னர் தரப்படும்.
அதே தபாலில் என் மனுவும் திரும்பியிருந்தது,
ராதாபுரத்துக்கு மூன்றாம் தடவையாகக் கேட்டது:
'பரிசீலிக்க இயலவில்லை.'
குட்டிகள் கேட்கவே இல்லை.

மைதீன் பிச்சை டீ குடித்து முடிக்கும் முன்
ஏற்றியாகிவிட்டது.
தாய் என்ன செய்தது என்று கேட்பீர்கள்.
தண்ணீர் குடித்தது.
ரொம்ப நேரம் குடித்தது.

பதிவேட்டில் கழித்தால் சரியாக வருகிறது.
ஆறில் இரண்டு போக நான்கு.
தீவனக் கணக்குதான் இடிக்கிறது:
பூலுடையார் மூன்று வாரமாக
ஆறு நரிக்கே வெட்டுகிறார்.
தினம் எண்ணூறு கிராம் எங்கே போகிறது என்று
தணிக்கைக்காரர் கேட்டார்.
"கை பழகிட்டு சார்."
கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.
நான் குறிப்புக் கட்டத்தில்
'சேதாரம்' என்று போட்டேன்,
நகைக்கடைச் சொல் என்று தெரிந்துதான்.

மிச்சத்தை இருட்டிய பிறகு
கால்வாய்ப் பக்க வேலிக்கு அப்பால்
வைத்துவிட்டு வருகிறோம்.
காலையில் பாத்திரம் கவிழ்ந்து கிடக்கும்.
அது மட்டும் இருப்பில் உண்டு:
பாத்திரம், அலுமினியம், ஒன்று.