ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

டாக்டர் பென்ஹர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.
புளியங்கொட்டை அளவுதான் எல்லாம்.
படத்தில் என் கழுத்தை மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பேனாவை நிறுத்தினார்.
மெத்தை தேய்ந்து பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான்
ஆம்பூரில் எங்கள் கம்பெனி பஸ் கிளம்பும்.

பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்,
குனிந்த தலை நிமிராத பெண் என்று.
சூப்பர்வைசர் ரஹமத்துல்லாவும் அதையேதான் சொன்னார்.
பத்தொன்பது வருஷம், மெஷின் விளக்கின் கீழே,
யார் யாரோ நடக்கப்போகும் ஷூவுக்கு மேல்தோல் தைத்தேன்.
இப்போது எம்.ஆர்.ஐ. சொல்கிறது
அதே பாராட்டை, கறுப்பு வெள்ளையில்.

"எது ரொம்ப நாள் உழைக்கும் சார்?"
என் வீட்டுக்காரர் துளசிராமன்,
சீலிங் ஃபேன் வாங்கும் குரலில்.

இது டைட்டானியம். எலும்பு நன்றாகப் பிடிக்கும்.
ஆனால் கொஞ்சம் முரட்டு சாதி,
சிலருக்கு மெல்ல எலும்புக்குள் இறங்கிவிடும்.
இது ஒருவகை பிளாஸ்டிக். எக்ஸ்ரேயில் மறைக்காது,
உள்ளே எலும்பு வளர்வதைப் பார்க்கலாம்.
இது அசையும் வட்டு. உங்கள் மூட்டு இருக்கும் நிலைக்கு
வேண்டாம் என்பேன், விலையும் அப்படி.
ஒன்றுமே வேண்டாமென்றால் இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி
கழுத்தில் வைக்கலாம்.
(கழுத்து ஆறிவிடும், இடுப்பு கொஞ்ச நாள் ஞாபகம் வைத்திருக்கும்.)

லாட்ஜில் அடுத்த அறை ஷெஃபாலி, அசன்சோல்காரி,
காலரைத் தட்டிக் காட்டி
"டைட்டானியம், பாலோ, பாலோ" என்று கட்டைவிரல் தூக்கினாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவான இன்னொரு வார்த்தை
பில்.

பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தேன்.
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உணர்ச்சி பாதிதான்,
நடுவிரலால் தடவிப் பார்த்தேன்.
"சார், இது வழவழன்னு இருக்கே.
சோல் ஒட்டுறதுக்கு முன்னாடி நாங்க தோலைச் சுரண்டுவோம்.
வழவழப்புல பசை நிக்காது."

டாக்டர் முதல் முறையாக
படத்தை விட்டு என்னைப் பார்த்தார்.
இழுப்பறையைத் திறந்தார்.
நடுவே பிளாஸ்டிக்,
மேலும் கீழும் சொரசொரப்பாய் டைட்டானியம் பூச்சு.
"இதுவும் இருக்கிறது.
ஆனால் கார்டில் வராது."

வரிசையில் வைக்காத ஒன்று.

துளசிராமன் போனில் கணக்குப் போட ஆரம்பித்தார்.
பி.எஃப்., மச்சான், ஆட்டோவின் ஆர்.சி. புத்தகம்.
ஜன்னலில் கோட்டைப் பக்கத்து வெயில்
நாற்பத்திரண்டு டிகிரியில் அசையாமல் நின்றது.

"போட்ட பிறகு குனிய முடியுமா சார்?"
"கொஞ்சம் குறையும். வீட்டு வேலைக்குப் போதும்.
மெஷினுக்கு முன் எட்டு மணிநேரம், வேண்டாம்."
சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வரை மின்னல்.

சம்மதப் படிவத்தை மேசையில் நீட்டினார்கள்.
குனிந்து போடு என்றது பழக்கம்.
எழுந்து போய்ச் சுவரில் ஒட்டிப் பிடித்தேன்,
கண்ணுக்கு நேராக.
சுவரில் வைத்து எழுதினால் ரீஃபில் பேனாவில் மை இறங்காது.
உதறினேன்.
'கா' வந்தது.
மறுபடி உதறினேன்.