இரண்டு தண்ணீர்

கொட்டாஞ்சேனையில் இரவு ஒன்றரை.
கொத்துக்கல் ஆறுகிறது.
வெங்காயம் நிறுக்கும் தராசில்
முட்டைக்கோதுகளைக் கொட்டுகிறேன்:
இருநூற்றி இருபது கிராம்.

நாற்பது, பன்னிரண்டு, மூன்று பதினாறு.
கூட்டினால் நூறு.
கல்சியம் காபனேற்று நல்ல மனுசி,
பிரிக்கக் கல்குலேட்டர் கேட்கமாட்டாள்.
இரண்டு புள்ளி இரண்டு மூல்.

குளோரைட்டு அப்படியல்ல.
போன ஓகஸ்ட், பரீட்சை மண்டபத்தில்
நூற்றுப் பதினொன்றால் பிரித்துவிட்டு
நிம்மதியாய்ப் பேனையை மூடினேன்.
ஒவ்வொரு கல்சியத்தோடும்
இரண்டு நீர் மூலக்கூறு ஒட்டியிருந்தது
பஸ் தரிப்பில் நின்றபோதுதான் உறைத்தது.
நூற்று நாற்பத்தேழு.
வீட்டில் சொன்னது, "பேப்பர் கஷ்டம்."

"என்னடா, கோதை எண்ணிக்கொண்டு நிக்கிறாய்?"
நிஸ்தார் நானா.
எண்ணவில்லை நானா, நிறுக்கிறேன்.
எண்ண முடியாததை நிறுத்துத்தான் எண்ணலாம்.
அவர் சில்லறைப் பையைக் கையில் ஒருதரம் தூக்கி
"எண்ணூறு வரும்" என்கிறார்.
கொட்டி எண்ணினேன்:
எழுநூற்றித் தொண்ணூறு.

பிறகு தராசுத் தட்டைச் சாய்க்கிறேன்.
கோதுகளுக்கு முன்னே
ஓரத்தால் வழிகிறது தண்ணீர்.
கழுவியவன் நான்தான்.