இரண்டரை லீற்றர்

அக்கரப்பத்தனைப் பக்கம்
பால் அளந்து எழுதுகிறவன் நான்.
யார் வீட்டில் கல்யாணம், எந்த மாடு சினை,
என் கொப்பிக்குத்தான் முதலில் தெரியும்.

மேக்கணக்கு ஞானசெல்வி:
திங்கள் ஏழு. செவ்வாய் ஏழு.
புதன் இரண்டரை.

"கன்னுக்கு விட்டுட்டேன்" என்றாள்,
என்னைப் பார்க்காமல் கேனைப் பார்த்து.
நாலரை லீற்றரை
எந்தக் கன்று குடிக்கும் என்று கேட்கவில்லை.
மழை. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.
அவள் தோடு அடகில் இருப்பதும் தெரியும்.
எழுதினேன்.

வியாழன் அவளே வந்தாள், கேன் இல்லாமல்.
"நாக்குத் தோலு கையோட வருதுண்ணே.
எச்சி கயிறாட்டம் தொங்குது.
காலை ஊன்ற மாட்டேங்குது."

டாக்டர் திலினி ஐஸ் பெட்டியோடு ஏறி வந்தார்.
ஊசி நோய் வந்த மாட்டுக்கு இல்லையாம்,
வராத மாட்டுக்காம்.
கீக்கணக்கில் தொடங்கி
வட்டம் சுருங்கிச் சுருங்கி மேலே வந்தது,
அவள் பட்டிக்கு முன்னால் நின்றது.

கால்வாய் நோய்.
சேர்த்து வாசித்தால் தண்ணீர் ஓடும் வழி,
பிரித்தால் இரண்டு புண்.
ஓடித்தான் இருந்தது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு,
சப்பாத்தில், புல்லுக்கட்டில்,
புதன்கிழமை அவள் கேனைத் தொட்ட கையால்
நான் திறந்த பதினேழு மூடிகளில்.

பட்டி வாசல்தோறும்
சோடாத் தண்ணீரில் ஊறிய சாக்கு.
அடுத்த மலைக்குப் புல்லுக்குப் போகாதே,
காளைக்கு மாட்டை ஓட்டாதே,
இருபத்தொரு நாள்.

லொறி வரவில்லை.
கீக்கணக்கு ஆட்கள் அவள் லயத்துக்கு முன்னால் நின்று ஏசினார்கள்:
"நீ வாயை மூடிக்கிட்டிருந்தா எங்க பால் போயிருக்கும்."
திரும்புகிற வழியில்
வாயை மூடிக்கொண்டிருந்த என்னிடம்
"எப்பங்க பால் எடுப்பீங்க" என்றார்கள்,
மரியாதையாக.

வெள்ளிக்கிழமை கன்று செத்தது.
வாயில் ஒரு புண் இல்லை.
நெஞ்சை அடித்திருக்கும் என்றார் டாக்டர்.
சுண்ணாம்பு கொட்டி ஆழமாய்ப் புதைத்தோம்.
தேயிலைக்குள் எங்கேயோ தாய் கத்துவது
மூன்று நாள் கேட்டது.

தடை எடுத்த காலை,
வரிசையின் கடைசியில் ஞானசெல்வி.
ஒன்றேகால்.

பேனையை வைத்துவிட்டுக் கேட்டேன்,
தின்னுதா, குளம்பு காய்ஞ்சிருச்சா,
காம்பில் கை வைக்க விடுதா என்று.
ஒவ்வொன்றாகச் சொன்னாள்,
இந்த முறை என் முகத்தைப் பார்த்து.

பிறகு பழைய பக்கத்தைப் புரட்டி
புதன்கிழமை இரண்டரைக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

லொறி ஹோர்ன் அடித்தது.
அடிக்கட்டும்.