ஒன்பது கிலோமீட்டர்

தூரினில் ஏற்றும்போது மீட்டர் ஒன்பது காட்டியது.
கெண்டில் இறக்கும்போதும் ஒன்பதுதான் காட்ட வேண்டும்.
ஒப்பந்தத்தில் தடித்த எழுத்து.

இடையில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
ஒரு மலையின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்தோம்.
மூன்று நாட்டு மழை என் கண்ணாடியில்.
அதற்கு எதுவும் தெரியாது.
லாரியின் மூடிய பெட்டிக்குள், பருத்திப் போர்வைக்கு அடியில்,
நான்கு பட்டைகளில் கட்டுண்டு கிடந்தது
எண் எழுபத்து மூன்று.

மொத்தம் இருநூற்று ஐம்பதுதான்.
அதற்குப் பிறகு அச்சுகளை உடைத்துவிடுவார்களாம்.
கையெழுத்து வாங்கிய பையன் சொன்னான்,
துக்கச் செய்திபோலக் குரலைத் தாழ்த்தி,
முகமெல்லாம் பெருமையாக.

அறுபத்தாறாம் ஆண்டின் முகம் அதற்கு.
வட்ட விளக்குகள், குரோமிய உதடு,
விரல் தடிமனில் மர ஸ்டீயரிங்.
முகத்துக்குப் பின்னால் ஆறு காற்றுப்பைகள்.
உறுமலைக்கூட எப்போதோ நொறுக்கப்பட்ட
ஒரு கிழ வண்டியிடமிருந்து பதிவு செய்திருக்கிறார்கள்;
இருக்கைக்கு அடியில் ஒலிபெருக்கி.
எண்ணெய் ஒழுகாது. ஏற்றத்தில் கொதிக்காது.
யாருமே வாழ்ந்திராத ஓர் அறுபத்தாறு.

சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
அந்தப் பணத்துக்கு மாரிபோரில்
என் வீட்டைப்போல் நான்கு வாங்கலாம்.

லக்சம்பர்க் ஓய்விடத்தில் தூக்கம் வரவில்லை.
பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் ஏறினேன்.
போர்வையைப் பாதி விலக்கி, உள்ளே நுழைந்து,
இருட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன்.
சாலையில் போன ஒவ்வொரு லாரியும்
எங்களை லேசாக ஆட்டிவிட்டுப் போனது.
இரண்டு மணிநேரம் ஓட்டினேன்.
எங்கே என்று கேட்காதீர்கள்.
கடல் இடப்பக்கம் இருந்தது.
இறங்குமுன் கைவியர்வையைச் சட்டையால் துடைத்தேன்.
ஒன்பது.

திருமதி கோதலீவ், ஓய்வுபெற்ற நோட்டரி.
மழைச்சட்டை, பற்றவைக்காத சிகரெட்.
கொட்டகையில் ஏற்கெனவே நான்கு, போர்த்தப்பட்டு.
வண்டியை அவர் சுற்றிப் பார்க்கவில்லை.
எண் பொறித்த தகட்டையும் தேடவில்லை.
கதவைத் திறந்தார். சாத்தினார். திறந்தார். சாத்தினார்.
பதினொரு முறை. எண்ணினேன்.
கனத்த அகராதியை மூடும் சத்தம்.

"எங்களுடையது சாத்தவே சாத்தாது," என்றார்.
"ஹூபெர்ட் ஓட்டுவான். வளைவுக்கு வளைவு
நான் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.
விற்ற அன்று அழுகை வரவில்லை. கை வலி நின்றது."

"பிறகு ஏன் அதே வண்டி?"

"அதேயா?" என்று திரும்பினார்.
"இதில் கதவு சாத்துகிறதே."

பிறகு உள்ளே உட்கார்ந்தார்.
கால் பெடலை எட்டவில்லை.
இருக்கை நன்றாகப் பின்னுக்குப் போயிருந்தது,
சரியாக என் உயரத்துக்கு.

கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.
நான் பட்டைகளைச் சுருட்டத் தொடங்கினேன்,
ஏற்கெனவே சுருட்டியவற்றை.

இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.
தாளை வாங்கி, சேதம் என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினார்.
பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டார்:
"எப்படி ஓடுகிறது?"