சட்டைக் கணக்கு

ஈழத்தலரியை இந்த ஊரில் பொமேலியா என்போம்.
பலேர்மோவில் பால்கனி இருந்தால்
பொமேலியாவும் இருக்கும்.
இல்லையென்றால் அந்த வீட்டில்
யாரோ செத்திருக்கிறார்கள், அல்லது
யாரோ வடக்கே வேலைக்குப் போய்விட்டார்கள்.

என்னுடையது மூன்றாம் மாடி.
விரிசல் விட்ட மண்தொட்டி,
இடுப்பளவு மரம், ஏழு கிளை.
நான் டிராம் ஓட்டுகிறவள்.
நிறுத்தங்கள் தலையில் நிற்கும்,
தேதிகள் நிற்காது.

கீழே இரண்டாம் மாடியில் கஸ்பாரே லோ வெர்தே.
பதிவாளர் அலுவலகத்தில்
முப்பத்தொன்பது வருடம் முத்திரை குத்தியவர்.
வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை.
ஞாயிறுதோறும் அவற்றைக் காயப்போடுவார்,
சரியாக என் தொட்டிக்குக் கீழே.

நானும் ஞாயிறன்றுதான் உரம் கரைப்பேன்.
மீன்கழிவு உரம், தெருவே மத்தி நாறும்.
காபி நிறத்தில் ஒரு சொட்டு,
பிறகு இன்னொன்று,
பிறகு கீழிருந்து என் பெயர்.
ஜாச்சிந்தா!
எழுத்தெழுத்தாகப் படியேற்றி அனுப்புவார்.

இந்த ஜனவரியில் நுனிகள் கறுத்தன.
விரலால் அழுத்தினால்
வேகவைத்த கத்தரிக்காய்.
ஏழில் நான்கு.
முட்டை ஓடு கவிழ்த்துத்தான் இருந்தேன்,
ஊரார் எல்லோரையும்போல
நுனிக்கொரு குல்லா.
பிறகு எப்படி?

கத்தி எடுத்தேன்.
வெட்டினால் பழுப்பு.
இன்னும் கீழே, பழுப்பு.
இன்னும் ஒரு சாண்.
வெள்ளையாகப் பால் கசிந்த இடத்தில்
கையை நிறுத்தினேன்.

கதவு தட்டப்பட்டது.
ஒரு கையில் என் முட்டை ஓடு,
அவர் வீட்டுப் பக்கம் விழுந்ததாம்.
மறு கையில் நீலக் குறிப்பேடு.
நகராட்சிக்கு எழுதிய புகார், ஆறு வருடத்துப் புகார்,
இன்னும் கொடுக்கவில்லை.
"படித்துப் பார்" என்றார்.

ஏப்ரல் 14. முதல் சொட்டு. சட்டை ஒன்று.
(இலை கிளிமூக்காய் எட்டிப்பார்த்த வாரம். சரிதான்.)
ஏப்ரல் 28. சட்டை இரண்டு.
மே, ஜூன். பதினான்கு நாளுக்கொரு முறை, தவறவில்லை.
ஜூலை 21. மேசைவிரிப்பு. நாற்றம் தாங்கவில்லை.
மேலே பூத்திருக்கிறது.
ஆகஸ்ட் 18. கைப்பகுதி மட்டும்.
செப்டம்பர். ஒன்றுமில்லை. நிம்மதி.
அக்டோபர் 20. காலர்.

என் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

இலை பழுக்கும் மாதம்.
உரப்பையைக் கட்டி
மேலே பரணில் போட்டிருக்க வேண்டிய மாதம்.
துரினிலிருந்து மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள்.
ஒரு கொத்தாவது இருக்கட்டுமென்று
உறங்கப்போன மரத்தை எழுப்பி
உட்காரவைத்து ஊட்டினேன்.
அது சொன்னபடி கேட்டது.
பூவுக்குப் பதில் பிஞ்சு இலை விட்டது.
மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.
குளிருக்குக் கிடைத்தது.

கஸ்பாரே ஒன்றும் கேட்கவில்லை.
"அந்தக் காலர் வெளுக்கவே இல்லை"
என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பிப்ரவரியில் நான்கு நாள் பொய் வெயில்.
சந்தையில் சிலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்கள்.
பை இருக்கும் பக்கம் நான் போகவில்லை.
தண்ணீர்கூட ஊற்றவில்லை.
மூன்று முழுக்கிளை, நான்கு மொட்டை,
வெட்டுவாயில் பூசிய சாம்பல்.
மார்ச்சிலும் அப்படியே,
ஏதோ குற்றம்சாட்டுவதுபோல.

ஏப்ரல் பதிமூன்று, ஞாயிறு.
மொட்டை ஒன்றின் பக்கவாட்டில்
பச்சையாய் ஒரு மூக்கு.
அரைக் கரண்டிதான் கரைத்தேன்.
ஊற்றுவதற்கு முன்
வழக்கமில்லாமல் கீழே எட்டிப்பார்த்தேன்.

கொடியில் சட்டைகள் இல்லை.
பழைய கைக்குட்டை ஒன்று,
நான்கு மூலைக்கும் கிளிப் மாட்டி,
விறைப்பாக, நேர் கீழே,
அஞ்சல்தலை ஒட்டாத உறைபோல.
பக்கத்து முக்காலியில் நீலக் குறிப்பேடு
திறந்தே கிடந்தது.

ஊற்றினேன்.