எட்டு கிலோ

மார்த்தாண்டத்திலிருந்து டெம்போ வந்தபோது
ஆசிட் கலந்த பாலைத் தட்டுகளில்
ஊற்றிக்கொண்டிருந்தேன்.
பிரைட் சிங் என்று ஒரு பையன் இறங்கி
"சாரே, பழசு எங்க?" என்றான்.
புதுசுக்குக் கையெழுத்து வாங்கும் முன்னே
பழசைத்தான் கேட்டான்.
ஆயிரத்து ஐநூறு,
ரசீதிலேயே கழித்திருந்தார்கள்.

பதினாறு வருஷம்.
இடதுகால் குட்டை என்பாள் எமல்டா.
பொன்மனையில் எந்த வீட்டுத் தரைதான் நேர்,
சரிவு என்பேன் நான்.
செங்கல் வைக்க மறந்தால்
பிழிகிற நேரத்தில்
அடுக்களை வாசல்வரை நடந்து வரும்,
சோறு ஆயிற்றா என்று கேட்க வந்த ஆள் மாதிரி.
வயர் எட்டாத இடத்தில்
தானே நின்றுபோகும்.

ஜெஃப்ரினின் மூத்திரத் துணி,
பிறகு அவன் சீருடை,
எமல்டாவின் வெள்ளைக் கோட்டுகள்.
அவள் குவைத்துக்குப் போகிற முந்தின ராத்திரி
மூன்று தடவை ஓடியும் ஈரம் விடாத
அந்த நீலப் போர்வை.
ஜூன் மாசம். வெளியே மழை.
புகைப்புரையில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே
காயப்போட்டேன்.
புகை மணத்தோடு விமானம் ஏறியது.
உங்க ஊரில் தீப்பிடித்ததா என்று
வார்டில் கேட்டார்களாம்.

புதுசுக்கு வாசல் முன்பக்கம்.
வட்டக் கண்ணாடி, உள்ளே ஒரு விளக்கு.
"வெயிட்ட அதுவே பாக்கும் சாரே,
அதுக்கு ஏத்த தண்ணிதான் எடுக்கும்."
எட்டு கிலோ மிஷின்.
இரண்டு சட்டை, இரண்டு கைலி, ஒரு துவர்த்து.
உருட்டி உருட்டி யோசித்தது,
சந்தையில் மரச்சீனியைக் கையில் தூக்கிப் பார்க்கிறவன் போல.
பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் எடுத்தது.
இந்த வீட்டில் எத்தனை பேர் என்று
முதல் நாளே அதற்குத் தெரிந்துவிட்டது.

பழசுக்குத் தெரியாது.
எமல்டா போனாள்,
ஜெஃப்ரின் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனான்,
அது அப்போதும்
கழுத்துவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

வீடியோ காலில் கட்டளை வந்தது:
"பால்வெட்டுச் சட்டைய அதுல போடப்படாது, கேட்டியளா.
ரப்பர் ஒட்டிச்சின்னா மிஷின் போச்சு."
சரிதான்.
விழும்போது அது பால்,
உலர்ந்தால் தோல்.
என் சட்டையெல்லாம் பாதி மரம்.

அன்றைக்கு பிரைட் சிங் கையில்
ஆயிரத்து ஐநூறை எண்ணி வைத்தேன்.
ரசீதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"பழசும் வேணும்னா புதுசு எதுக்கு சாரே?"
மழை வருது, ஷீட் எடுக்கணும் என்றேன்.
அது பதில் இல்லையென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது பழசு
தோட்டத்துத் தகரக் கொட்டகையில்
ரோலருக்குப் பக்கத்தில் இருக்கிறது.
சிமெண்டுத் தரை, மட்டக்கோல் வைத்துப் பூசினது.
ஒட்டுப்பால் நாற்றத்தைப் பற்றி
அதற்குப் புகார் இல்லை.
எமல்டாவிடம் சொல்லவில்லை.
ஆயிரத்து ஐநூறு என்றால்
அவளுக்கு எத்தனை மணி நேர ட்யூட்டி என்று
எனக்குக் கணக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ராத்திரி கொட்டகையில் நிற்கும்போது கூப்பிட்டாள்.
நைட் ட்யூட்டிக்குக் கிளம்புகிறாளாம், தலை சீவிக்கொண்டே பேசினாள்.
ஜெஃப்ரின் ஃபீஸ், என் பிரஷர் மாத்திரை,
ஷீட் விலை நாலு ரூபாய் இறங்கினது.
அந்த நேரம் பார்த்துப்
பிழிய ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம்?"
பக்கத்துத் தோட்டத்தில் மரம் அறுக்கிறார்கள் என்றேன்.
"ராத்திரி ஒம்பது மணிக்கா?"

சீப்பு நின்றது.
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"செங்கல் வச்சியளா?"

வைக்கவில்லை.
வாசல் தாண்டி மழைச்சாரலுக்கே வந்துவிட்டது.
போனைத் தட்டுகள்மேல் சாய்த்துவிட்டு ஓடிப்போய்
இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன்.
என் பல்லெல்லாம் ஆடியது.
பின்னால் குவைத்து சிரித்தது:

"நான் அப்பமே சொன்னேன்லா,
தரை இல்ல,
காலாக்கும்."