சாரமில்ல

நாளொன்றுக்கு மூவாயிரம், சாப்பாடு தனி என்றார்கள்.
ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனியில் ஆறு வருசம்
கொரிய மானேஜர்களின் கோபத்தைத்
தமிழாக்கிக்கொண்டிருந்தவள் நான்.
வேலையை விட்டுக் கருங்கலுக்குத் திரும்பிய மழையில்
அந்த மொழி என்னைத் தேடி வந்தது.

வலைபின்னும் இயந்திரம் விற்க வந்தவர்.
சியோல் பாஸ்போர்ட். பெயர் ஹான் டே-உக்.
குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும்
விசைப்படகுச் சங்கத்தாரிடம் விலைப்பட்டியல் நீட்டினார்.
யாரும் வாங்கவில்லை. அவருக்கு வருத்தமும் இல்லை.
துறைமுகம் எத்தனை ஆழம் என்று மட்டும்
இரண்டு தடவை கேட்கச் சொன்னார்.

நாகர்கோவில் அவருக்கு அயல் நகரம்.
மணிமேடையில் நின்று சர்பத் குடிக்கும்போதும்
நகைக்கடைக் கண்ணாடியைத்தான் பார்த்தார்,
நகையை அல்ல.

மூன்றாம் நாள் இரவு ஒன்றரைக்குப் போன்:
தோவாளை. உடனே.

பிச்சியும் கேந்தியும் மூட்டை மூட்டையாய் இறங்கும் நேரம்.
ஏலக்காரர் இன்னும் தொண்டையைத் திறக்கவில்லை.
துப்பாக்கிக்குச் சத்தமே இல்லை;
கிழிந்த சாக்கிலிருந்து
அரளிமொட்டு கொட்டுகிற சத்தம்தான்.
எடைக்கல்லால் ஒருவன் மணிக்கட்டை உடைத்துவிட்டு
(ஒரு கிலோ கல், அவ்வளவுதான்)
சுயம்புலிங்கத்தின் ஆட்டோவில் வந்து விழுந்தார் ஹான்.

ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியைத் தூக்கப் பார்த்தது.
பின்னால் விளக்கணைத்த கார் ஒன்று.
சுயம்பு செண்பகராமன்புதூர்ப் பக்கம் ஒடித்து
வாழைத்தோட்டத்துக்குள் விட்டான்.
இலைகள் இருபுறமும் எங்களை அறைந்தன.
எஞ்சினை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தினோம்.

துப்பட்டாவால் அவர் விலாவை இறுக்கிக் கட்டியபடி
வலிக்கிறதா என்றேன்.
"இரொப்ஸும்னிதா."

நான் படித்த கொரிய மொழியில் அதற்கு
'உன் தயவு வேண்டாம்' என்று பொருள்.
குரலில் அது இல்லை.
குரல் நன்றி சொன்னது.

"என்னவாக்கும் சொல்லுகான்?"

கம்பெனி கேன்டீன் ஞாபகம் வந்தது.
என் கையில் சாம்பாரைக் கொட்டிவிட்டுப் பதறிய
மதுரைக்காரியிடம் "சாரமில்ல" என்றேன்.
பரவாயில்லை, போகட்டும் என்பது எங்களூர் அர்த்தம்.
"ஏன், நானா வச்சேன் சாம்பாரை?" என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாஸ்போர்ட்டை மாற்றலாம்.
பல்வரிசையைக்கூட மாற்றலாம்.
காயத்தில் கை பட்டால்
மனுஷன் பெற்ற ஊரிலிருந்துதான் பேசுகிறான்.
இவர் கோட்டுக்கு வடக்கே.

"சாரமில்லங்கான்" என்றேன் சுயம்புவிடம்.

விடிந்தபோது லாட்ஜ் அறை காலி.
தலையணைக்கடியில் ஆறு நாள் கூலி.
கீழே வரவேற்பில், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு
இன்னொரு கொரியர் எழுந்து நின்று குனிந்தார்.
நாம் என்று பெயர் சொன்னார்.
அது எங்கள் மொழியில் யாரென்று நான் சொல்லவில்லை.

காபி வாங்கித் தந்தார். மெதுவாகப் பேசினார்.
மகளின் படத்தைக் காட்டினார், முன்பல் விழுந்த சிரிப்பு.
ஆளை மாற்றித் துரத்துகிறோமோ என்று
மேலிடத்துக்குச் சந்தேகமாம்.
"அடிபட்டபோது என்ன சொன்னான்?
அந்த ஒரு சொல் போதும்."

ஜன்னலுக்கு வெளியே
உதயம் பார்த்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"க்வென்சனாயோ" என்றேன்.
தெற்கின் பரவாயில்லை.

நெடுநேரம் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு அனந்தபுரிக்கு நேரமாகிறது என்று
இடது கையால் பெட்டியைத் தூக்கினார்.

பதினேழாம் நாள் பேப்பரில், ஐந்தாம் பக்கத்தில்
நாலு வரி: கொழும்பு ஓட்டலின் மாடியிலிருந்து
விழுந்து இறந்த தென்கொரிய வியாபாரி.
வலது மணிக்கட்டில் பழைய மாவுக்கட்டு.

பேப்பரை மடித்து வைத்தேன்.
மறுபடியும் பிரித்தேன்.

வாசலில் ஆட்டோவை நிறுத்தி
ஹாரனை இரண்டு தடவை அடித்தான் சுயம்பு.
"ஏ விஜிலா, என்ன, மூஞ்சி ஒருமாதிரி இருக்கு?"

"சாரமில்ல."

அது எந்த ஊர்ச் சொல்லாய் விழுந்ததென்று
எனக்கே தெரியவில்லை.